நல்ல கிளாரினெட்டிலும் ஒரு குறை இருக்கும்: ஆர்13, ஆர்சி, டோஸ்கா, சிஎஸ்விஆர்

பெங்களூரில் கிளாரினெட் வாசிக்கிறவர்கள் ஒரு சின்னக் கூட்டம். சர்ச் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள், ராணுவ பேண்டிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பள்ளிக்கூட பேண்ட் மாஸ்டர்கள், கல்யாண பேண்டில் ஊதுகிறவர்கள், என்னைப் போல வீட்டில் பாடம் எடுக்கிறவர்கள். இதில் யார் இரண்டு பேர் சந்தித்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் கருவியை விட்டு மேலே போகும்போது எதை வாங்குவது? பஃபே ஆர்13-ஆ, யமஹா சிஎஸ்விஆர்-ஆ, செல்மரா? சில லட்ச ரூபாய் விஷயம். ஒரு தடவை வாங்கினால் பலருக்கு அதுதான் ஆயுசுக்கும்.

இந்தக் கேள்விக்கு 'எது உசத்தி' என்று பதில் தேடிப் போனால் கிடைக்காது என்பது என் எண்ணம். தொழில்முறைக் கிளாரினெட் எல்லாவற்றிலும் சுருதிக் குறை ஒன்று இருந்தே தீரும். கருவியின் அமைப்பே அப்படி. அந்தக் குறையை எந்த இடத்தில் வைப்பது என்று ஒவ்வொரு மாடலும் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. நாம் வாசிக்கும் இசைக்கு எந்த இடத்துக் குறை பரவாயில்லை என்று தெரிந்தால் மாடல் தானாகவே அமைந்துவிடும்.

ஏன் குறை இருந்தே தீரும்? புல்லாங்குழலில் ச பிடித்துக்கொண்டு காற்றை அழுத்தினால் மேல் ஸ்தாயி ச வரும். நாதஸ்வரத்திலும் அப்படித்தான். கிளாரினெட்டில் அதே காரியத்தைச் செய்தால் வருவது மேல் ஸ்தாயி ப. குழலின் உள்துளை ஏறக்குறைய ஒரே அகலமாக நீளத்துக்கும் போகிறது, ரீடு (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் தகடு) இருக்கும் முனை மூடிய முனை போல நடந்துகொள்கிறது. அப்படிப்பட்ட குழலில் ஒற்றைப்படை அதிர்வுகள்தான் பலமாக எழும்: 1, 3, 5. மூன்று மடங்கு அதிர்வு என்றால் மேல் பஞ்சமம். கிளாரினெட்டில் இத்தனை கீ (துளைகளைத் திறந்து மூடும் நெம்புகோல்) இருப்பதும் இதனால்தான். ஸ்தாயிக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நிரப்பியாக வேண்டும்.

அந்த மேல் பஞ்சமத்துக்குத் தாவ இடது கட்டைவிரலில் ரிஜிஸ்டர் கீ இருக்கிறது. அது திறப்பது ஒரே ஒரு குட்டித் துளையை. ஒவ்வொரு சுரத்துக்கும் குழலின் நீளம் வேறு. ஆகவே அந்தத் துளை இருக்க வேண்டிய சரியான இடமும் வேறு. ஆனால் இருப்பது ஒன்றுதான். நடுவில் இருக்கும் சில சுரங்களுக்கு அது ஒத்துப்போகும். அதிலிருந்து விலக விலக மேல் சுரத்தைச் சற்றே ஏற்றிவிடும். மேலே இருக்கும் சி-யைச் சரியாக வைத்தால் அதன் அடிச்சுரமான லோ எஃப் இறங்கி நிற்கும். லோ எஃப்-ஐத் தூக்கினால் மேல் சி ஏறிவிடும். போதாக்குறைக்கு, அதே குட்டித் துளைதான் த்ரோட் பி ஃபிளாட் என்ற சுரத்துக்கும் வாசல். ஒரு சுரத்துக்கு வேண்டிய அளவு அதற்குக் கிடையாது. அந்த பி ஃபிளாட் எந்தக் கருவியிலும் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி கேட்பதற்குக் காரணம் இது.

இதை மனதில் வைத்துக்கொண்டு மாடல்களைப் பார்க்கலாம்.

பஃபே கிராம்பான் பாரிஸில் 1825-இல் தொடங்கியது. இன்று நாம் வாசிக்கும் போம் முறைக் கீ அமைப்பை, ஆசிரியர் க்ளோசேயும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த லூயி ஒகுஸ்த் பஃபேயும் சேர்ந்து உருவாக்கி 1844-இல் காப்புரிமை பெற்றார்கள். ஆர்13 வந்தது 1950-களில், ரோபேர் காரே என்பவரின் வடிவமைப்பாக. அவர் செய்தது இதுதான்: மேல் ஜாயிண்டின் (குழலின் மேல் துண்டின்) உள்துளையை ஒரே உருளையாக விடாமல், சற்றே அளவு குறையும் உருளைகளாக அடுத்தடுத்து வைத்தார். வித்தியாசம் மில்லிமீட்டரில் பின்னங்கள்தான். ஆனால் மேல் பஞ்சமங்கள் குழல் முழுவதும் கட்டுக்குள் வந்தன, குரலுக்கும் ஒரு கூர்மை கிடைத்தது. பெரிய ஆர்கெஸ்ட்ராவில் நாற்பது வயலினுக்கு நடுவிலிருந்தும் தனியாகக் கேட்கிற கூர்மை. அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்கள் ஆர்13-ஐ அப்படியே தழுவிக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை.

ஆர்13 தன் குறையை அடியில் வைக்கிறது. லோ ஈ-யும் லோ எஃப்-பும் இறங்கும், பலமாக ஊதும்போது இன்னும் நன்றாகத் தெரியும். மேலே க்ளாரியன் பகுதி, அதாவது ரிஜிஸ்டர் கீயைத் திறந்து ஊதும் சுரங்கள், அழகாக நிற்கும். ராகத்தை மேலே நின்று பாடுகிற மாதிரியான சோலோ வாசிப்பவர்களுக்கு இது சரியான பேரம். அடி ஸ்தாயியில் நீளமாகச் சுரம் பிடித்து நிற்கிற இரண்டாம் கிளாரினெட்டுக்கு அவ்வளவு சரியில்லை.

ஆர்சி என்ற பெயர் அதே ரோபேர் காரேயின் முதலெழுத்துகள். வந்தது 1970-களில். கீழ் ஜாயிண்டின் உள்துளை பெல்லை (குழலின் அடி வாயை) நோக்கி விரிகிற விதம் இதில் வேறு. அதனால் அடிச் சுரங்களுக்கும் அவற்றின் மேல் பஞ்சமங்களுக்கும் உறவு இன்னும் சீராக இருக்கிறது, குரலும் உருண்டையாக வருகிறது. பிரான்ஸில் இதற்குப் பெரிய கூட்டம் உண்டு. என் காதுக்கு ஆர்சி ஊதும்போது ஸ்தாயி மாறியதே தெரிவதில்லை. ஆர்13-இல் அந்தக் கோடு லேசாகத் தெரியும். ஆனால் ஆர்13-இன் அந்த மினுமினுப்பு இதில் இல்லை. திறந்தவெளியில் பேண்டோடு வாசித்தால் ஆர்சி கூட்டத்தில் கலந்துவிடுகிறது. பெங்களூர் சர்ச்சுகளின் உயர்ந்த கூரைக்கடியில் இரண்டுமே நன்றாக இருக்கும், ஆர்சி கொஞ்சம் கூடுதலாக.

பஃபேயின் இன்னொரு மாடலான டோஸ்கா இந்தப் பிரச்சினையை வேறு வழியில் தீர்க்கப் பார்க்கிறது. உள்துளையோடு பேரம் பேசி ஓய்ந்த பிறகு, லோ எஃப்-க்கென்றே கூடுதலாக ஒரு திருத்தக் கீயைப் போட்டுவிட்டார்கள். இடது சுண்டுவிரலுக்கு ஒரு ஈ ஃபிளாட் லீவரும் உண்டு. சில வேகமான இடங்களில் சுண்டுவிரல் ஒரு கீயிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப்போக வேண்டிய அவஸ்தை அதனால் குறைகிறது. குரல் இருட்டாக, கனமாக இருக்கிறது. என் ஆட்சேபம் ஒன்றுதான்: கீ கூடக்கூட, சரி பார்க்க வேண்டிய பேடும் (துளையை மூடும் மெத்தை) ஸ்ப்ரிங்கும் கூடுகிறது. கிளாரினெட்டை முழுசாகப் பிரித்து மாட்டத் தெரிந்த கை நம் ஊரில் மிகக் குறைவு. பேட் கசிந்தால் சென்னைக்கோ மும்பைக்கோ அனுப்பிக் காத்திருக்கிற ஊரில், எளிமையான கீ அமைப்புக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

செல்மர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நான் அதிகம் ஊதியதில்லை. ரெசிட்டல் மாடலின் மரச்சுவர் தடிமன், கையில் எடுத்தாலே கனம் தெரியும், குரலும் அடர்த்தி. சிக்னேச்சர் சுருதியில் ரொம்ப ஒழுங்கான கருவி, ஆனால் காற்றுக்கு எதிர்ப்பு கொஞ்சம் அதிகம். நுரையீரல் பலமுள்ளவர்கள் விரும்புவார்கள்.

யமஹா சிஎஸ்விஆர் ஆர்13-இன் பாதையில் வருகிற கருவி. ஊதும் உணர்வும் விரல் விழும் இடங்களும் ஆர்13 பழகியவர்களுக்கு அந்நியமாக இருக்காது. விலை அதைவிடக் குறைவு. இதன் உண்மையான பலம் ஒன்று உண்டு: ஒரே மாதிரி இருப்பது. ஆர்13 வாங்குகிறவர்கள் வெளிநாட்டில் நான்கைந்து கருவியை மேசையில் அடுக்கி, ஊதிப் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மரம் ஒவ்வொன்றும் வேறு, கடைசிக் கைவேலை வேறு. இரண்டு ஆர்13-க்கு நடுவே இருக்கும் வித்தியாசம், ஒரு ஆர்13-க்கும் ஒரு ஆர்சி-க்கும் நடுவே இருப்பதைவிடப் பெரிதாக இருப்பதை நானே கேட்டிருக்கிறேன். அப்படி அடுக்கி வைத்து ஊதிப் பார்க்கிற வசதி நமக்கு இங்கே இல்லை. டாலஸிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் அண்ணனையோ மாமாவையோ வாங்கிவரச் சொல்கிறோம். கண்ணால் பார்க்காமல் வாங்க வேண்டிய நிலைமையில் யமஹாவை நம்பலாம். குரலில் அந்தக் கடைசித் துளி நிறம் ஆர்13-இல்தான் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் மோசமான ஆர்13-ஐவிட எந்த சிஎஸ்விஆரும் மேல்.

இந்த ஊரில் கிளாரினெட் பேசும்போது இன்னொரு கருவியை விட முடியாது. என் பெரியப்பா மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பில் இருந்தவர். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் அந்தப் படைப்பிரிவின் சிப்பாய்களைத் 'தம்பி' என்றுதான் இன்றும் அழைப்பார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து பலர் பெங்களூர் வந்து தங்கியது அந்த வழியாகத்தான். அவர் வீட்டில் வைத்திருந்த கருவி பூஸி அண்ட் ஹாக்ஸ் 1010. ஆங்கிலேயர்களின் கிளாரினெட் அது. ஜாக் பிரைமர் போன்றவர்கள் வாசித்தது. ஆர்13 போன்ற பிரெஞ்சுக் கருவிகளின் உள்துளை சுமார் 14.6 மில்லிமீட்டர், 1010-க்கு 15.2. இந்த அரை மில்லிமீட்டர் சொச்சத்தில் குரலே மாறிவிடுகிறது. அகலமான, தளர்வான, அன்பான குரல். குழைந்து கொடுக்கும். அடி ஸ்தாயியில் அதற்கு இணை எதுவுமில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். குறையை அது மேலே தள்ளியது: உச்ச ஸ்தாயியில் உதடும் காதும் விடாமல் வேலை செய்ய வேண்டும். அந்த மாடலை இப்போது தயாரிப்பதில்லை. பழைய கருவியாகக் கிடைத்தால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அதற்குரிய அகலத் துளை மவுத்பீஸும் கூடவே வருகிறதா என்று. சாதாரண பிரெஞ்சு மவுத்பீஸைப் போட்டால் சுருதி சேரவே சேராது. 'பழைய இங்கிலீஷ் கிளாரினெட் சுருதியில் நிற்காது' என்ற பேச்சில் பாதி இந்த மவுத்பீஸ் மாற்றத்தால் வந்த அவப்பெயர்.

மவுத்பீஸ் என்றதும் சொல்ல வேண்டும், குரலில் கருவியின் பங்கைவிட மவுத்பீஸ், ரீடு இரண்டின் பங்கு பெரிது. வான்டோரன் கம்பெனியின் பி45 மவுத்பீஸுக்கு முனைத் திறப்பு (ரீடுக்கும் முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி) 1.195 மில்லிமீட்டர், எம்30-க்கு 1.15, 5ஆர்வி லயருக்கு 1.095. பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான், ஆனால் பி45-இல் பழகிய உதடு 5ஆர்வி லயரில் முதல் நாள் திணறிப்போகும். கருவியை மாற்ற நினைப்பவர்கள் முதலில் சில ஆயிரத்தில் நல்ல மவுத்பீஸ் ஒன்றை மாற்றிப் பாருங்கள். தேடிய குரல் அங்கேயே கிடைத்துவிட்டால் லட்சங்கள் மிச்சம்.

அடுத்தது மரம். இது பெங்களூர்க்காரர்களுக்கு ரொம்ப முக்கியம். தொழில்முறைக் கிளாரினெட்டுகள் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்யப்படுகின்றன, தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வளர்வது. நம் ஈட்டி மரத்தின் இனம்தான். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவு அடர்த்தி. இவ்வளவு அடர்த்தியான மரமும் வெடிக்கும். உள்ளே ஈரமும் வெதுவெதுப்பும், வெளியே உலர்ந்த காற்று. உள்பக்கம் விரிய, வெளிப்பக்கம் சுருங்க, மேல் ஜாயிண்டில் ட்ரில் கீ துளைகளை ஒட்டி மெல்லிய கோடு விழும். சென்னையில் இருக்கிறவர்களுக்குக் கடல் காற்று காவல். கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டரில் இருக்கும் நமக்கு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மதியக் காற்று உதட்டையே வெடிக்க வைக்கிறது, மரத்தை விட்டுவைக்குமா? புதுக் கிளாரினெட்டை ஜனவரியில் வாங்கி மார்ச்சில் அழுதவர்களை எனக்குத் தெரியும்.

இதற்குத்தான் பஃபேயின் கிரீன் லைன். 95 சதவீதம் கருமரத் தூள், மீதி கார்பன் இழையும் பசையும் என்று சேர்த்து அழுத்திய பொருள். 1990-களிலிருந்து இருக்கிறது. வெடிக்காது, வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அசையாது. ஆர்13, ஆர்சி, டோஸ்கா மூன்றும் இதில் கிடைக்கும். கீழே போட்டால் மட்டும் ஜாயிண்ட் சேரும் கழுத்தில் முறிந்துபோகும், மரம்போல ஒட்டித் தப்பிக்க முடியாது. குரலில் மரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காலையில் திறந்தவெளி ஆராதனை, மாலையில் ஏசி ஹால் என்று அலைகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஊதுகருவியின் சுருதி ஏறக்குறைய மூன்று சென்ட் வரை ஏறும். அரைச்சுரத்தை நூறாகப் பங்கிட்டதில் ஒன்றுதான் சென்ட். காலைக்கும் மதியத்துக்கும் பதினைந்து டிகிரி மாறுகிற ஊரில் இதைக் கணக்கில் எடுக்காமல் முடியாது. நீளம் வேறுபட்ட இரண்டு பேரல் (மவுத்பீஸுக்கு அடுத்து வரும் சின்னக் குழல் துண்டு) கையில் வைத்துக்கொள்வது இதனால்தான்.

நம் சங்கீதம் வாசிக்கிறவர்கள் விஷயம் தனி. கிளாரினெட் நம்மிடம் புதிதாக வந்த விருந்தாளி கிடையாது. சின்ன மேளத்தில் (சதிர் நாட்டியத்துக்கு வாசிக்கும் குழு) முகவீணை என்ற சின்ன ஊதுகுழலின் இடத்துக்கு அது 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று அழைக்கப்பட்ட ஏ.கே.சி. நடராஜனுக்கு 2008-இல் சங்கீத கலாநிதி, 2022-இல் பத்மஸ்ரீ. கமகத்துக்கு விரல் துளையில் வழுக்கிப் போக வேண்டும், துளையைப் பாதி மூடிப் பாதி திறக்க வேண்டும். போம் முறையில் விரல் துளைகளைச் சுற்றி வளையங்கள், அவற்றோடு பிணைந்த கீகள். விரலை இழுத்தால் வேறெங்கோ ஒரு பேட் சேர்ந்து அசைகிறது. அதனால் பழைய எளிய முறைக் கருவிகளில் கமகம் சுலபமாக வருகிறது. துருக்கியில் இந்த எளிய முறைகளில் ஒன்றான ஆல்பர்ட் முறையை இன்றும் வாசிக்கிறார்கள், அவர்களுக்கென்றே ஜி சுருதியில் கருவிகள் செய்யப்படுகின்றன. நம் வித்வான்களுக்காக, நம் கட்டைக்கும் கமகத்துக்கும் பொருந்த, நல்ல கருமரத்தில், ஆர்13 அளவு கவனத்தோடு செய்த எளிய முறைக் கிளாரினெட் ஒன்று வர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன். அது வராதவரை கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவரிடம் ஆர்13 வாங்குங்கள் என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

ஊதிப் பார்க்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய மவுத்பீஸையும் பழகிய ரீடையும் எடுத்துப்போங்கள். பத்து நிமிஷம் ஊதிக் கருவியைச் சூடாக்குங்கள். ட்யூனரை நீங்கள் பார்க்கக் கூடாது, கூட வந்தவர் பார்த்து எழுத வேண்டும். முள்ளைப் பார்த்தால் உதடு தானாகத் திருத்திவிடும். லோ எஃப் பிடித்து, உதட்டை அசைக்காமல் ரிஜிஸ்டர் கீயை மட்டும் திறங்கள். மேல் சி எங்கே நிற்கிறது? அப்படியே ஒவ்வொரு சுரமாக மேலே வாருங்கள். பிறகு த்ரோட் ஜி, ஏ, பி ஃபிளாட். அதன் பிறகுதான் பாட்டு.

என்னிடம் படிக்கும் ஒரு பெண் இப்போது இந்த வழியில்தான் தேர்ந்தெடுத்தாள். சிவாஜி நகர்ப் பக்கம் ஒரு சர்ச் ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாம் கிளாரினெட் வாசிக்கிறாள். உறவினர் ஒருவரின் ஆர்13-ஐ இரவல் வாங்கி ஊதிவிட்டு வந்து கேட்டாள்:

"மாஸ்டர், எல்லாரும் ஆர்13-தான்னு சொல்றாங்க. எனக்கு இதுல கீழ எஃப் இறங்கிக்கிட்டே இருக்கு. நான் தப்பா ஊதறேனா?"

"இல்லம்மா, உன் காது சரியா இருக்கு. குழலே அப்படித்தான். உன் பார்ட்டுல கீழ எஃப் எத்தனை தடவை வருதுன்னு எண்ணிப் பாரு."

எண்ணிவிட்டு வந்தாள். பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. முதல் கிளாரினெட்டுக்கு அடியில் நீளமாக எஃப்-பும் ஈ-யும் பிடித்து நிற்பதுதான் அவள் வேலையே. ஆர்சி கிரீன் லைன் வாங்கலாமே என்றேன். அவளுக்கோ மரம்தான் வேண்டும், குரலுக்காக மட்டுமல்ல, கையில் பிடிக்கிற அந்த உணர்வுக்காக என்றாள். அதை நான் மறுக்கவில்லை. மரத்தில் ஆர்சி வந்து சேர்ந்தது, இந்த உலர்ந்த மாதங்களில்.

ஆகவே இப்போது அதற்குப் பத்தியம். முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், அடுத்த வாரம் கால் மணி நேரம், அப்புறம் மெதுவாகக் கூட்டலாம். ஊதும் முன் மேல் ஜாயிண்டை உள்ளங்கையில் வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும், குளிர்ந்த குழலில் சூடான மூச்சை விடக் கூடாது. ஊதி முடித்ததும் துணி இழுத்து ஈரத்தை எடுக்க வேண்டும், ஜாயிண்ட் சேரும் கழுத்துகளையும் துடைக்க வேண்டும். பெட்டிக்குள் ஈரப்பதம் காக்கும் சின்னப் பொட்டலம் ஒன்று, சீக்கிரம் உலர்ந்துவிடும் என்பதால் வாராவாரம் பார்த்து மாற்ற வேண்டும். ஏசி காற்று நேராக விழும் நாற்காலியில் உட்காரக் கூடாது. ஈஸ்டர் ஆராதனைக்குப் புதுக் கருவியோடு போக அவளுக்கு ரொம்ப ஆசை. முதல் மழை பெய்யட்டும், அதுவரை ஆராதனைக்குப் பழைய பிளாஸ்டிக் யமஹாவையே எடுத்துப் போ என்று சொல்லியிருக்கிறேன்.